டீச்சர், நெக்கை மாற்றும் முன் நட்டைப் பாருங்கள்

கோத்தகிரியிலிருந்து ஒரு டீச்சர் எழுதியிருக்கிறார். ஏழு மாதமாகத் தன் சர்ச் சபையில் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். கையில் இருப்பது 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) கொண்ட, ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் மாடல் வகை நான்கு கம்பி பேஸ். நெக் என்பது விரல் ஓடும் நீளக் கழுத்து, அதன் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள் ஃப்ரெட், தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளம் வெட்டிய சின்னக் கட்டை நட். நட்டில் அகலம் 41 மி.மீ. சொச்சம். "முதல் ஃப்ரெட்டில் எஃப் ஸ்வரம் பிடித்தால் மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் அடிவரை வலிக்கிறது அண்ணா. என் கை சின்னது. கீபோர்டு வாசிக்கும் தம்பி, ஜாஸ் பேஸ் நெக் ஒல்லி, அதை வாங்குங்கள் என்கிறான். கிட்டார் வாசிப்பவர் ஷார்ட் ஸ்கேல் வாங்கச் சொல்கிறார். அடுத்த சனிக்கிழமை கோயம்புத்தூர் போகிறேன். எதை வாங்கட்டும்?" என்பது கேள்வி.

டீச்சர், மேட்டுப்பாளையம் பஸ்ஸில் இன்னும் ஏறாதீர்கள். அரை மணி நேரம் உங்கள் பழைய பேஸோடு உட்கார்ந்து நான்கைந்து விஷயங்களைப் பாருங்கள். அதற்கப்புறமும் வேறு பேஸ் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் போய் வாங்குங்கள். தம்பி சொன்னதும் கிட்டார்காரர் சொன்னதும் தப்பில்லை. ஆனால் இரண்டு பேரும் இரண்டு வேறு நோய்க்கு மருந்து சொல்கிறார்கள், உங்களுக்கு எந்த நோய் என்று பார்க்காமல்.

முதலில் ஒன்று. வாசிக்காத நேரத்திலும் விரல் மரத்துப்போகிறது, இரவில் கை கூசி விழிப்பு வருகிறது என்றால் பேஸை மூடி வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். அது என் வேலை இல்லை. வாசிக்கும்போது மட்டும் வலித்து, நிறுத்தினால் சரியாகிவிடுகிறது என்றால் மேலே படியுங்கள்.

நட் அகலத்திலிருந்து தொடங்கலாம், எல்லோரும் முதலில் பேசுவது அதுதான் என்பதால். உங்கள் பிரிசிஷன் வகை நெக் நட்டில் 41.3 மி.மீ., அதாவது ஒன்றே ஐந்தெட்டு அங்குலம். ஜாஸ் பேஸ் நெக் 38.1 மி.மீ., ஒன்றரை அங்குலம். வித்தியாசம் 3 மி.மீ. சொச்சம். இதைக் கம்பிகளுக்கு இடையே இருக்கும் மூன்று இடைவெளிகளுக்குப் பங்கிட்டால் ஒரு இடைவெளிக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வருகிறது. அவ்வளவுதான். கம்பிகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் போனால் இரண்டிலும் கம்பி இடைவெளி ஏறத்தாழ ஒன்றே, 19 மி.மீ. சுற்றி. ஆகவே ஜாஸ் நெக் நட்டருகே குறுகி, போகப் போக வேகமாக விரிகிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு வரும்போது கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

அந்த 1 மி.மீ. கைக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. தெரியும். எல்லாவற்றிலும் தடித்த ஈ கம்பிக்கும் எல்லாவற்றிலும் மெல்லிய ஜி கம்பிக்கும் விரல் தாவும்போது ஜாஸ் நெக் கையில் அடங்கியது போல இருக்கும். ஆனால் அகலம் என்பது குறுக்கே போகும் தூரம். உங்களுக்கு வலி வருவது எஃப்பில், முதல் ஃப்ரெட்டில். அது நீளவாக்கில் கை எட்டுவதும், விரல் அமுக்க வேண்டிய பலமும் சம்பந்தப்பட்ட விஷயம். அகலத்தை 3 மி.மீ. குறைத்து இதைத் தீர்க்க முடியாது.

நடுவில் ஒரு சின்னச் செய்தி, கடைக்காரரிடம் குழம்பாமல் இருக்க. 1960-களின் ஃபெண்டர் நெக்குகளின் அடியில் முத்திரையிட்ட தேதியின் கடைசியில் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து இருக்கும். அது நட் அகலத்தைக் குறித்தது: ஏ என்றால் ஒன்றரை அங்குலம், பி என்றால் ஒன்றே ஐந்தெட்டு, சி என்றால் ஒன்றே முக்கால். இன்று கடையில் "இது சி நெக்" என்றால் அது நெக்கின் முதுகு வளைவைச் சொல்வது. எழுத்து ஒன்று, பொருள் வேறு. பழைய செய்தியைப் பாதி படித்துவிட்டு "சி என்றால் அகலம், எனக்கு வேண்டாம்" என்று நல்ல பேஸைத் திருப்பிக் கொடுத்தவரை எனக்குத் தெரியும். கூட இருந்து தலையாட்டியவன் நான்.

சரி, நீளத்துக்கு வருவோம். ஸ்கேல் என்பது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம். 1951-இல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது வைத்தது 34 அங்குலம். 1960-இல் வந்த ஜாஸ் பேஸிலும் அதே 34. தம்பியின் யோசனையில் இருக்கும் ஓட்டை இதுதான்: ஜாஸ் பேஸ் வாங்கினால் ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் தூரம் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாது. ஷார்ட் ஸ்கேல் என்பது 30 அங்குலம். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி பெயரோடு ஒட்டிக்கொண்ட ஹோஃப்னர் வயலின் பேஸ் அந்த வகை. 1966-இல் ஃபெண்டர் விட்ட மஸ்டாங் பேஸும் அந்த வகை. இரண்டுக்கும் நடுவில் 32 அங்குல மீடியம் ஸ்கேல் உண்டு. ரிக்கன்பேக்கர் கம்பெனி மட்டும் தன் வழியில் 33¼ வைத்துக்கொண்டது.

கையில் எவ்வளவு வித்தியாசம்? முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது ஃப்ரெட் வரை, அதாவது ஆள்காட்டி விரலிலிருந்து சுண்டுவிரல் வரை விரிக்க வேண்டிய தூரம், 34 அங்குலத்தில் கிட்டத்தட்ட 13 செ.மீ. 32-இல் 12.2. 30-இல் 11.4. ஒன்றரை செ.மீ. மிச்சம் என்பது கைக்குப் பெரிய விஷயம். நட் அகலத்தின் 3 மி.மீ.யோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதைக் கடைக்குப் போகாமலே வீட்டில் அனுபவித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் பேஸிலேயே ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டுக்குப் பதில் மூன்றாவது ஃப்ரெட்டில் வைத்து, சுண்டுவிரலை ஆறாவதில் வையுங்கள். அந்த விரிப்பு ஏறத்தாழ 11.5 செ.மீ. ஷார்ட் ஸ்கேல் பேஸின் முதல் ஃப்ரெட்டில் உங்கள் விரல்கள் எவ்வளவு விரியுமோ அவ்வளவு. 34 அங்குல பேஸில் இரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் மிச்சமிருக்கும் கம்பி நீளம் 30 அங்குலத்துக்குச் சற்று அதிகம், கணக்கு அப்படி அமைந்துவிட்டது. இரண்டாவது ஃப்ரெட்டையே நட் என்று நினைத்துக்கொண்டு நாலு பாட்டு வாசியுங்கள். கிட்டார்காரருக்கு ஒரு முழு ஸ்வரம் ஏற்றச் சொல்லிவிட்டால் போதும். கீபோர்டு தம்பிக்குச் சொல்லவே வேண்டாம், ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே நிற்பான். நாம்தான் ஒவ்வொரு முறையும் கையை நகர்த்த வேண்டியிருக்கிறது.

அங்கே வலி காணாமல் போனால், தூரம்தான் காரணமா? இன்னும் இல்லை. அவசரப்படாதீர்கள். மூன்றாவது ஃப்ரெட்டில் வலிக்காமல் முதல் ஃப்ரெட்டில் மட்டும் வலிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அனுபவத்தில், விலை குறைந்த புது பேஸ்களில் பாதிக்கு மேல் அதுதான் காரணம்: நட்டில் கம்பி உட்காரும் பள்ளம் போதிய ஆழம் வெட்டப்படாமல் வருவது. பள்ளம் உயரமாக இருந்தால் கம்பி முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பாலம் மாதிரி நிற்கும். நட்டை ஒட்டிய இடத்தில் கம்பி வளைந்து கொடுக்காது, ஆகவே முதல் ஃப்ரெட்டில் அமுக்கத்தான் பலம் அதிகம் வேண்டும். ஃப்ரெட் தள்ளித் தள்ளிப் போகப் போகத் தொல்லை மறைந்துவிடும். பள்ளம் உயரமான பேஸில் எஃப் சுருதியும் சற்று ஏறித்தான் கேட்கும், கம்பியை அவ்வளவு தூரம் கீழே இழுப்பதால். உங்கள் ட்யூனரில் வெறும் ஈ சரியாகவும் முதல் ஃப்ரெட் எஃப் ஏறியும் காட்டுகிறதா என்று பாருங்கள்.

இன்னும் நேராகப் பார்க்க வேண்டுமானால்: ஈ கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேல் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒன்றிரண்டு தாள் நுழையும் அளவு இருந்தால் சரி. விசிட்டிங் கார்டு தாராளமாக உள்ளே போய் வந்தால் உங்கள் வலிக்கு முக்கியக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி இருக்கிறது, நானே ஏமாந்த தகுதி. முதல் பேஸ் வாங்கியபோது முதல் இரண்டு ஃப்ரெட்டில் கை கடுத்துவிடும். நெக் பெரிசு, நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டி, வாங்கியதில் பாதி விலைக்கு அதை விற்றேன். வாங்கியவர் குன்னூர்க்காரர், என்னைவிடக் கை சின்னவர். மூன்று மாதம் கழித்து ஒரு கல்யாண மேடையில் அதே பேஸ். வாசித்துப் பார்க்கக் கேட்டேன். வெண்ணெய் மாதிரி இருந்தது. "என்ன பண்ணீங்க?" என்றேன். "நட்டை ஃபைல் போட்டேன், அவ்வளவுதான்" என்றார். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் ஆத்திரத்தில் அடுத்த பேஸின் நட்டை நானே ஹேக்சா பிளேடால் ராவினேன். இன்னொரு இழுப்பு இழுக்கலாம் என்று இழுத்ததில் பள்ளம் ஆழமாகிவிட்டது. வெறும் ஈ கம்பியைத் தட்டினால் முதல் ஃப்ரெட்டில் இடித்து 'ஜிர்ர்' என்றது. பள்ளத்தில் ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டு மேலே ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டால் கல்லாக இறுகிவிடும், அதன்மேல் மறுபடி ராவிக்கொள்ளலாம் என்று அன்றுதான் கற்றேன். வித்தை வேலை செய்கிறது. ஆனால் நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம். கம்பியின் தடிமனுக்கேற்ற நட் ஃபைல் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். நான்கு பள்ளத்துக்கு அரை மணி நேர வேலை.

நட்டைப் பார்த்தாயிற்று என்றால் அடுத்தது நெக் வளைவு. ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், நெக் உடம்போடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் இன்னொரு கையாலும் அமுக்கினால் கம்பி ஒரு நேர்கோடு ஆகிவிடும். ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைய வேண்டும், 0.3 மி.மீ. அளவு. அதைவிட அதிகம் என்றால் நெக் கம்பியின் இழுப்புக்கு முன்னால் வளைந்திருக்கிறது. நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கினால் நிமிரும். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். அளவு சரியான ஆலன் கீ இல்லாவிட்டால் தொடவே வேண்டாம், ராடின் தலை மழுங்கிவிட்டால் அந்த நெக்கே வீண்.

நம் மலையில் இது ஒரு முறை செய்து மறக்கிற வேலையும் இல்லை. கடை இருப்பது கீழே சமவெளியில். அங்கே ஏசி அறையில் செட்டப் செய்து தருகிறார்கள். நாம் அதைத் தூக்கிக்கொண்டு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் உயரம் ஏறுகிறோம். ஜூன் முதல் தென்மேற்கு மழை, அக்டோபரிலிருந்து வடகிழக்கு மழை, நடுவில் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் மூடுபனி. மரம் ஈரத்தைக் குடிக்கும், ஜனவரியில் உறைபனி நாட்களின் காய்ந்த காற்றில் திருப்பித் துப்பும். நெக் அதற்கேற்ப அசையும். எந்தப் பக்கம் அசையும் என்பது மரத்துக்கு மரம் வேறு. மார்ச்சில் சுகமாக இருந்த பேஸ் ஜூலையில் முரண்டு பிடித்தால் உங்கள் கையைச் சந்தேகப்படாதீர்கள். வருடத்துக்கு இரண்டு முறை, மழை பிடித்த பிறகு ஒன்று, பனி விழும்போது ஒன்று, அந்த விசிட்டிங் கார்டு சோதனையைச் செய்யுங்கள். சபையிலேயே பேஸை விட்டுவிட்டு வருகிறீர்களா? ஈரச் சுவரில் சாய்த்து வைக்காமல் உறையில் போட்டு வையுங்கள்.

நட்டும் வளைவும் சரியான பிறகு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஈ கம்பி 2.5 மி.மீ., ஜி கம்பி 2 மி.மீ. உயரம் இருந்தால் சபை வாசிப்புக்குப் போதும். கம்பியையும் மாற்றலாம். கடையிலிருந்து வருவது பெரும்பாலும் 45-105 செட், அதாவது ஜி கம்பியின் தடிமனும் ஈ கம்பியின் தடிமனும், அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்த கணக்கில். 40-100 போட்டால் அதே சுருதிக்கு இழுவிசை குறையும், விரலுக்கு உடனே தெரியும்.

இப்போது ஸ்ட்ராப். நீங்கள் வீட்டில் உட்கார்ந்து பழகுகிறீர்கள், சபையில் நின்று வாசிக்கிறீர்கள், இல்லையா? அநேகமாக எல்லோரும் அப்படித்தான். உட்காரும்போது பேஸ் மார்புக்குக் கீழே நிற்கும். நின்றால் இடுப்புக்கு இறங்கிவிடும். இறங்கின பேஸில் முதல் ஃப்ரெட்டை எட்ட மணிக்கட்டு உள்பக்கமாக மடிய வேண்டும். மடிந்த மணிக்கட்டோடு ஒரு காகிதத்தை விரல்களால் அழுத்திப் பாருங்கள், அப்புறம் மணிக்கட்டை நேராக்கி அழுத்திப் பாருங்கள். பலம் எங்கே போகிறது என்று புரிந்துவிடும். உட்கார்ந்தபடி ஸ்ட்ராப்பை மாட்டி, தொடையிலிருந்து பேஸ் லேசாக எழும்பும் அளவுக்குச் சுருக்குங்கள். அப்படியே எழுந்து நில்லுங்கள். நெக்கின் தலைப்பக்கம் உங்கள் தோள் உயரத்துக்கு ஏறி இருக்கட்டும். பார்க்க ஸ்டைலாக இருக்காது. பாஸ்டர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

தலை கனமான பேஸ் என்றால் கையை விட்டதும் நெக் கீழே சாயும். அப்போது இடது கை நோட்டும் பிடிக்கிறது, நெக்கையும் தாங்குகிறது. கட்டைவிரல் அடியில் வலி என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். நின்றபடி இரண்டு கையையும் விட்டுப் பாருங்கள். சாய்ந்தால், வழவழ நைலான் ஸ்ட்ராப்பை வீசிவிட்டு, உள்பக்கம் சொரசொரப்பான மூன்று அங்குல அகலத் தோல் ஸ்ட்ராப் ஒன்று வாங்குங்கள். சட்டையைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, ஒருவேளை எல்லாவற்றையும்விடப் பெரியது: விரல் வைக்கும் முறை. யாரோ உங்களுக்கு 'ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல்' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கிட்டாரிலிருந்து வந்த பழக்கம் அது. முதல் ஃப்ரெட்டில் அதைச் செய்ய 13 செ.மீ. விரிக்க வேண்டும். டபுள் பேஸ்காரர்கள் அப்படிச் செய்வதே இல்லை. அவர்கள் வாத்தியத்தின் கம்பி நீளம் 40 அங்குலத்துக்கு மேல், விரித்தால் கை கிழிந்துவிடும். ஃபிரான்ஸ் சிமாண்டல் என்ற பழைய டபுள் பேஸ் ஆசிரியரின் பெயரால் இன்றும் புழங்கும் முறை இது: ஆள்காட்டி விரல் ஒன்று, நடுவிரல் ஒன்று, மோதிர விரலும் சுண்டுவிரலும் சேர்ந்து ஒன்று. மூன்று ஃப்ரெட்டுக்குத்தான் கை. நான்காவது வேண்டுமென்றால் கை முழுவதும் நகரும், விரியாது. 34 அங்குல பேஸில் முதல் ஃப்ரெட்டிலிருந்து மூன்றாவது வரை 9 செ.மீ.க்கும் குறைவு. இது ஷார்ட் ஸ்கேலில் நான்கு விரலை விரிப்பதைவிட இரண்டரை செ.மீ. சுலபம், அதுவும் காசில்லாமல். ஐந்தாவது ஃப்ரெட் வரை இப்படி வாசியுங்கள், அதற்கு மேல் நான்கு விரலும் தானாக எட்டும். கட்டைவிரலை நெக்கின் முதுகில் ஆணி அடித்தது போல அமுக்காமல், கையோடு கூட நகர விடுங்கள். ஒரு பாட்டு முழுவதும் கட்டைவிரலை எடுத்துவிட்டே வாசித்துப் பாருங்கள். வலது முழங்கை பேஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டால் நோட்டு தெளிவாகவே வரும். நீங்கள் எவ்வளவு பலத்தை வீணாக்கிக்கொண்டிருந்தீர்கள் என்று அப்போது தெரியும்.

நெக்கின் முதுகுத் தடிமன் பற்றி இரண்டு வார்த்தை. எல்லோரும் ஒல்லி நெக்தான் சின்னக் கைக்கு என்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ரொம்ப ஒல்லியான நெக்கில் கட்டைவிரலும் மற்ற விரல்களும் நெருங்கி, சாவியைத் திருகுவது போலக் கிள்ளிப் பிடிக்கத் தோன்றும். அரை மணி நேரத்தில் கட்டைவிரல் அடிச்சதை இறுகிவிடும். கொஞ்சம் சதைப்பற்றுள்ள வட்ட முதுகில் உள்ளங்கைக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். இதைக் காகிதத்தில் பார்த்து முடிவு செய்ய முடியாது, பிடித்துத்தான் பார்க்க வேண்டும். ஃபிங்கர்போர்டின் குறுக்கு வளைவு, ஏழேகால் அங்குல ஆரம், பன்னிரண்டு அங்குல ஆரம் என்று சொல்வார்களே, அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பேஸில், உங்கள் கட்டத்தில், அது கடைசிக் கவலை.

முதுகுப் பூச்சு மட்டும் நம் ஊரில் கவனிக்க வேண்டியது. கண்ணாடி மாதிரி வார்னிஷ் அடித்த நெக், மூடுபனி நாளில் கையோடு ஒட்டும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்து, நெக்கின் முதுகை மட்டும் நீளவாக்கில் மெதுவாகப் பத்து நிமிடம் தேய்த்தால் பளபளப்பு மங்கி வழுக்கும். இரும்புக் கம்பி நாரால் தேய்க்காதீர்கள், அதன் தூள் கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஃப்ரெட் இருக்கும் பக்கம் ரோஸ்வுட் என்றால் அதைத் தேய்க்க வேண்டாம், துணியால் துடைத்தால் போதும். கூடலூர்ப் பக்கம் காட்டில் ஈட்டி மரம் என்கிறோமே, அதே மரம்தான்.

இவ்வளவும் செய்த பிறகு மூன்று வாரம் வாசியுங்கள். அப்புறம் மூன்றாவது ஃப்ரெட் சோதனையை மறுபடி செய்யுங்கள். நட் சரியாகி, ஸ்ட்ராப் ஏறி, மூன்று விரல் முறையும் வந்த பிறகும் முதல் ஃப்ரெட்டைவிட மூன்றாவது ஃப்ரெட் வெகு சுகம் என்று கை சொன்னால், கிட்டார்காரர் சொன்னதுதான் சரி. 30 அங்குலம் வாங்குங்கள், தயங்க வேண்டாம். அது சின்னப் பிள்ளைகள் வாத்தியம் என்று யாராவது சொன்னால், தன் கை சின்னது என்று ரோலிங் ஸ்டோன்ஸின் பில் வைமன் ஷார்ட் ஸ்கேலை நாடினார் என்று சொல்லுங்கள். மாறாக, தூரம் பரவாயில்லை, கம்பிக்குக் கம்பி தாவும்போதுதான் விரல் தடுமாறுகிறது என்றால், தம்பி சொன்ன ஜாஸ் நெக் உங்களுக்கு. ஐந்து கம்பி பேஸ் பக்கம் இப்போதைக்குப் பார்க்காதீர்கள். நட் 45 மி.மீ.க்கு மேல் போகும், கீழே இருக்கும் பி கம்பி இறுக்கமாக நிற்க ஸ்கேலை 35 அங்குலம் ஆக்கினவையும் உண்டு.

ஷார்ட் ஸ்கேலில் நீங்கள் எதை இழப்பீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே கம்பி, ஒரே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு மாறும். 34-லிருந்து 30-க்கு வந்தால் 22 சதவீதம் இழுவிசை குறைகிறது. விரலுக்கு அது வரம். ஈ கம்பிக்கு அதே கொஞ்சம் தொல்லை, பலமாகத் தட்டினால் தொளதொளவென்று ஆடி, நோட்டின் விளிம்பு கலங்கும். மெதுவாக வாசித்து ஆம்ப்பை ஏற்றிக்கொள்ளுங்கள், அல்லது ஈ கம்பியை மட்டும் ஒரு படி தடிப்பாகப் போடுங்கள். கீர்த்தனைகளுக்கும் மெதுவான ஆராதனைப் பாடல்களுக்கும் அந்த உருண்டையான, சற்றே மங்கிய ஒலி அழகாகவே சேரும் என்பது என் கட்சி. வெட்டி வெட்டித் தெறிக்கிற ஸ்லாப் வாசிப்பு வேண்டுமென்றால் 34 பக்கமே இருங்கள்.

ஷார்ட் ஸ்கேல் என்றாலே முதல் ஃப்ரெட் பக்கத்தில் வந்துவிடும் என்று இல்லை, இதையும் கடையில் கவனியுங்கள். பிரிட்ஜ் உடம்பின் எந்த இடத்தில் இருக்கிறது, ஸ்ட்ராப் மாட்டும் மேல்கொம்பு எந்த ஃப்ரெட் வரை நீண்டிருக்கிறது என்பதைப் பொறுத்து முழு நெக்கும் இடது பக்கம் தள்ளி நிற்கலாம். சில 30 அங்குல பேஸ்களில் முதல் ஃப்ரெட்டுக்குக் கை நீள்வது சில 34 அங்குல பேஸ்களைவிட அதிகம். ஆகவே கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்துவிட்டு வராதீர்கள். உங்கள் ஸ்ட்ராப்பையும் ஒரு விசிட்டிங் கார்டையும் கொண்டுபோங்கள். ஸ்ட்ராப்பை உங்கள் உயரத்துக்கு மாட்டி, நின்று, முதல் ஃப்ரெட் எஃப்பை ஒரு முழுப் பாட்டு நேரம் வாசியுங்கள். கடைப் பையன் வேடிக்கை பார்ப்பான், பார்க்கட்டும். அப்புறம் கார்டை நட்டருகே நுழைத்துப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, குளிர் பற்றி. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் உங்கள் கை வலித்தால் அதை வைத்து பேஸுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். சில்லிட்ட விரலுக்கு எந்த நெக்கும் கட்டைதான். ஒரு டம்ளர் சூடான டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதல் ஜெபம் வரை நில்லுங்கள். சுருதியும் அன்று விளையாடும். வெளியே குளிரில் வைத்து ட்யூன் செய்த கம்பி, நானூறு பேர் மூச்சில் கோயில் சூடாக ஆக இறங்கிக்கொண்டே போகும். உள்ளே கொண்டுவந்து கால் மணி நேரம் கழித்து ட்யூன் செய்யுங்கள்.

ஷார்ட் ஸ்கேல் வாங்கினால் அதற்கென்றே நீளம் அளந்த கம்பி செட் ஒன்றையும் அன்றே கூட வாங்கிவிடுங்கள். நீளக் கம்பியை வெட்டிப் போடலாம் என்பார்கள். தடித்த பாகம் கம்பியை முறுக்கும் முளையில் சுற்றிக்கொண்டு, முறுக்கு அவிழ்ந்து, நோட்டு செத்துவிடும். 34-க்கான கம்பி இங்கே யார் வீட்டிலாவது கிடைக்கும், 30-க்கு அப்படி இல்லை. மழையில் கோத்தகிரி ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுபோன ஒரு சனிக்கிழமை ராத்திரி ஈ கம்பி அறுந்தால், மறுநாள் காலை நீங்கள் மூன்று கம்பியோடுதான் நிற்க வேண்டியிருக்கும்.